வண்டும் அது வாழும் இடமும்: மேக்ரோ புகைப்படத்தின் வரலாறு

தமிழில் வண்டு என்பது பரந்த சொல். மலரில் ரீங்கரிக்கும் கருந்தேனீயும் வண்டுதான், சாண உருண்டையைத் தள்ளிச் செல்வதும் வண்டுதான், அரிசி மூட்டைக்குள் ஊர்வதும் வண்டுதான். விலங்கியல் இந்தச் சொல்லை ஒரே வரிசைக்கு உரியதாக ஒதுக்குகிறது. முன்னிறக்கை இரண்டும் ஓடுபோல் இறுகி, பறக்கும் மென்மையான பின்னிறக்கைகளை மூடிக் காக்கின்ற பூச்சிகளே அந்த வரிசை. பொன்வண்டு, சாணவண்டு, கூன்வண்டு, பொறிவண்டு, தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, இரவில் ஒளிரும் மின்மினி எல்லாம் இதில் அடங்கும். பெயரிடப்பட்ட வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம். அறிவியல் இதுவரை விவரித்துள்ள விலங்கினங்களில் நான்கில் ஒரு பங்கு இவைதான். அமேசான் காட்டின் டைட்டன் வண்டு 15 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும் என்றாலும், பெரும்பாலான வண்டுகள் ஒரு சென்டிமீட்டரை எட்டுவதில்லை. உலகின் மிகப் பெரிய உயிர்க்கூட்டங்களில் ஒன்றைப் படம் பிடிக்க வேண்டுமானால், முதலில் சிறியதைப் பெரிதாகப் பிடிக்கக் கற்றாக வேண்டும்.

அந்தக் கலைக்கு மேக்ரோ புகைப்படம் என்று பெயர். ஃபிலிமில் விழும் உருவம் பூச்சியின் உண்மையான அளவுக்குச் சமமாகவோ, அதைவிடப் பெரிதாகவோ, சுமார் பத்து மடங்கு வரை இருந்தால் அது மேக்ரோ. அதற்கு மேற்பட்டது நுண்ணோக்கியின் எல்லை. இந்தப் பிரிவுக்குத் தனிப்பெயர் தேவை என்று 1899ல் வலியுறுத்தியவர் அமெரிக்க நுண்ணோக்கியாளர் டபிள்யூ. எச். வால்ம்ஸ்லி. பெயர் கிடைத்தபோது தொழில்நுட்பத்துக்கு ஏற்கெனவே அறுபது வயது ஆகியிருந்தது. அந்த அறுபது ஆண்டுகளிலும், அதற்குப் பின் வந்த நூறாண்டுகளிலும் இந்தக் கலையை இரண்டு ஆசைகள் எதிரெதிரே இழுத்திருக்கின்றன. வண்டின் உடலை மயிர்க்காலும் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது ஒன்று. அது வாழும் மண்ணையும் மரப்பட்டையையும் சாணத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. ஒளியியல் விதிகள் முதல் ஆசைக்கே எப்போதும் துணை நின்றன. இரண்டாவதற்காக மனிதர்கள் போராட வேண்டியிருந்தது.

இந்த இழுபறி புகைப்படத்துக்கும் முந்தையது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1505ல் ஒரு கொம்பு வண்டை வரைந்தார். வெற்றுத் தாளில் தலை நிமிர்ந்து நிற்கும் அந்த வண்டின் கால்களுக்கடியில் நிழல் விழுகிறது. நிழலைத் தாங்கும் தரைதான் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து மரியா சிபில்லா மெரியன் நேர்மாறான வழியைத் தேர்ந்தார். 1699ல் தன் மகளுடன் சுரிநாமுக்குக் கப்பலேறிய அவர், 1705ல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு பூச்சியையும் அது தின்னும் செடியின்மீதே வரைந்தார். புழு, கூடு, வளர்ந்த பூச்சி மூன்றும் ஒரே தாளில், ஒரே கிளையில். எந்தச் செடியில் எது வாழ்கிறது என்பதும் அறிவுதான் என்று ஐரோப்பியக் கண்ணுக்குச் சொன்ன முதல் படங்களில் அவை அடங்கும்.

ஆனால் அடுத்த நூற்றாண்டுகளை ஆண்டது மெரியனின் வழியல்ல. வண்டு ஊசியில் ஏறி, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் போயிற்று. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்து 1862ல் திரும்பியபோது, தாமும் உதவியாளர்களும் சேகரித்த 1,25,660 உயிர் மாதிரிகளுக்குக் கணக்கு வைத்திருந்தார். அவற்றில் 83,200 வண்டுகள். ஊசியில் குத்திய வண்டுக்குக் கீழே நகக்கண் அளவு காகிதத் துண்டு இருக்கும். பிடித்த ஊரும் நாளும் பிடித்தவர் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். காடு முழுவதும் அந்தத் துண்டுக் காகிதமாகச் சுருங்கிவிட்டது. இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் வண்டுகளுக்குப் பெயரே இருந்திருக்காது. புகைப்படக் கலை பிறந்தபோது, வண்டு என்றால் ஊசியில் நிற்கும் வண்டு என்பதே படித்தவர்களின் மனப்படமாக இருந்தது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

புகைப்படம் தன் முதல் ஆண்டுகளிலேயே பூச்சியிடம் வந்துவிட்டது. ஆங்கிலேயர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் 1840ஐ ஒட்டி, சூரிய ஒளியால் இயங்கும் நுண்ணோக்கியின் வழியே பூச்சி இறக்கைகளின் உருவத்தைக் காகிதத்தில் பதித்தார். அவர் இறக்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இறக்கை தட்டையானது, ஒளியை ஊடுருவ விடும், அசையாது. வண்டோ தடித்தது, ஒளிபுகாதது, உயிரோடு இருந்தால் ஓயாமல் நகர்வது. அன்றைய தகடுகளுக்குப் பல நொடிகள், சில வேளைகளில் நிமிடங்கள், ஒளி தேவைப்பட்டது. செத்த வண்டு மட்டுமே அத்தனை நேரம் காத்திருந்தது.

நிறமும் ஒரு தடையாக இருந்தது. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியையே உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்குக் கறுப்புதான். சிவந்த முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட பொறிவண்டு அந்தத் தகட்டில் புள்ளிகளை இழந்து முழுக்க இருண்டுவிடும். 1873ல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் உணர்திறனைப் பச்சை வரை நீட்டினார். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906ல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. புள்ளிகளை எண்ணி இனம் பிரிக்கும் ஒரு துறைக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லென்ஸ் பொருளை நெருங்க நெருங்க, ஃபிலிமிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். உண்மை அளவில் உருவம் விழ, லென்சுக்கும் தகட்டுக்கும் இடைவெளி குவியத் தூரத்தைப்போல் இரு மடங்காகும். ஐந்து மடங்கு பெரிதாக்க, ஆறு மடங்காகும். அதனால்தான் பழைய கருவிகள் துருத்தி வைத்து நீண்டன. நீள நீள ஒளி மெலியும். உண்மை அளவில் நான்கில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சும், ஐந்து மடங்கில் முப்பத்தாறில் ஒரு பங்கு. இதன் உச்சத்தை அமெரிக்கத் தாவரவியலாளர் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மேரியனும் காட்டினார்கள். மேரியன் தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல்லின் மகள். வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் தங்கள் தோட்டத்தில் கிடைத்த பூச்சிகளை, ஆளின் உயரத்தைவிட நீண்ட கேமராவால் பல மடங்கு பெரிதாகப் படமெடுத்து, 1914ல் ‘புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார்கள். பூச்சிகளைக் கொன்று, கால்களை உயிரோடு நிற்பதுபோல் ஒழுங்குபடுத்திய பின்பே படம் எடுத்தார்கள். தாளை நிறைத்து முறைத்துப் பார்க்கும் அந்த முகங்கள் வாசகரை அதிர வைத்தன. வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகள் அரக்கர்களாயின. தோட்டம்தான் படத்தில் இல்லாமல் போயிற்று.

அதே காலத்தில் தெற்குப் பிரான்சில் வேறொரு முயற்சி நடந்தது. ஜான் ஆன்ரி ஃபாப்ர் 1879ல் செரிஞான் ஊரில் கற்கள் நிறைந்த ஒரு தரிசு நிலத்தை வாங்கி, ‘ஹர்மா’ என்று அதை அழைத்து, 1915ல் இறக்கும்வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துத் தொகுதிகளாக வந்த அவருடைய நினைவுக்குறிப்புகளில் நாயகன் என்று ஒருவரைச் சொல்வதானால் அது சாணவண்டுதான். வண்டு தெருவில் உருட்டிச் செல்லும் உருண்டைக்குள் முட்டை இருக்கிறது என்று எகிப்தியர் காலம் முதல் நம்பப்பட்டு வந்தது. அந்த உருண்டை வண்டின் சொந்த உணவு, முட்டை இடுவதற்கு மண்ணுக்கடியில் பேரிக்காய் வடிவில் வேறொரு உருண்டை பிசையப்படுகிறது என்று கண்டு சொன்னவர் ஃபாப்ர். அவருடைய மகன் பால் ஆன்ரி எடுத்த புகைப்படங்கள் பின்னர் நூலின் படப் பதிப்பில் சேர்ந்தன. அவற்றிலும் ஏற்பாடு செய்த காட்சிகள் உண்டு. ஆயினும் வண்டு மண்ணில் நிற்கிறது, அதன் பக்கத்தில் அது செய்த பொருள் இருக்கிறது. வண்டு ஏதோ செய்யும் உயிர் என்பதைக் கேமரா ஒப்புக்கொண்ட தொடக்கப் படங்களில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

தென்னிந்தியாவில் அப்போதும் தூரிகையே ஆட்சி செய்தது. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த டி. பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914ல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல், விவசாயிக்குத் தெரிந்த வண்டுகளைப் பெரும்பாலும் கையால் வரைந்த படங்களால் அறிமுகம் செய்தது. தென்னங்குருத்தைக் குடையும் வண்டையும் தானியக் கூன்வண்டையும் அடையாளம் காட்ட, அன்றைய புகைப்படத்தைவிட நல்ல ஓவியம் நம்பகமானது. ஓவியரால் பத்து வண்டுகளைப் பார்த்து ஒன்றை வரைய முடியும். கேமராவுக்கு எதிரே நிற்பது ஒரே ஒரு வண்டு, அதுவும் பாதி குவியத்துக்கு வெளியே.

1930களில் மூன்று கண்டுபிடிப்புகள் வந்து நிலைமையை மாற்றின. டிரெஸ்டன் நகரத்து இகாகே நிறுவனம் 1936ல் கொண்டுவந்த கினே எக்ஸாக்டா, லென்ஸ் காணும் காட்சியையே கண்ணாடி வழியே கண்ணுக்குக் காட்டியது. அதற்கு முந்தைய சிறு கேமராக்களில் பார்க்கும் துளை ஓரிடம், லென்ஸ் ஓரிடம். தொலைவில் இருக்கும் மலைக்கு அது பொருட்டில்லை. விரற்கடை தூரத்தில் நிற்கும் வண்டு படத்தை விட்டே வெளியே போய்விடும். அதே ஆண்டு 35 மில்லிமீட்டர் சிலைடுகளாகக் கோடாக்குரோம் வந்து நிறத்தைத் தந்தது. அதன் ஒளியுணர்வோ இன்றைய கேமராக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பஞ்சத்தைத் தீர்த்தது மின்னொளி. எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1931 முதல் வளர்த்த மின்னணு ஃபிளாஷ், வாயு நிரம்பிய குழாயில் மின்தேக்கியை ஒரே கணத்தில் காலி செய்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும் வெளிச்சத்தைக் கொட்டியது. ஓடும் வண்டும் அதற்கு நின்ற வண்டுதான்.

இவற்றைக் கொண்டு காட்டுக்குள் சென்றவர்களில் முன்னோடி கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் எட்வர்ட் எஸ். ராஸ். வண்டுகளில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து தொடங்கிய இந்தப் பூச்சியியலாளர், அருங்காட்சியக இழுப்பறையில் உள்ள பூச்சியை அல்ல, இலையில் உட்கார்ந்திருப்பதையே படம் எடுக்க வேண்டும் என்று ஊன்றி நின்றார். 1953ல் வந்த அவருடைய ‘இன்செக்ட்ஸ் குளோஸ் அப்’ நூல் படங்களோடு செய்முறையையும் கற்பித்தது. ஃபேர்சைல்டின் நூலுக்கும் இதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள்தாம். ஆனால் ஒன்றில் இறந்த பூச்சிக்கு உயிர் போல் நடிப்பு, மற்றொன்றில் உயிரே.

லென்ஸ் செய்பவர்களும் அந்தப் பத்தாண்டில்தான் விழித்தார்கள். சாதாரண லென்ஸ் தொலைதூரக் காட்சிக்காகக் கணக்கிடப்பட்டது. அதைக் குழாய் வைத்து முன்னே தள்ளினால் படம் ஓரங்களில் குழைந்துவிடும். அருகிலிருக்கும் பொருளுக்கென்றே 1955ல் வந்தது ஹெய்ன்ஸ் கில்ஃபிட் உருவாக்கிய மேக்ரோ கிலார். அதன் ஒரு வகை தனித்த துணைக்கருவி எதுவும் இன்றி உண்மை அளவு வரை சென்றது. அடுத்த ஆண்டு நிக்கோன் நிறுவனம் 5 சென்டிமீட்டர் மைக்ரோ நிக்கோரை வெளியிட்டது. இதைப் பிறப்பித்தது பூச்சியோ பூவோ அல்ல, ஜப்பானிய எழுத்து. நுணுக்கமான கோடுகள் நெருங்கிய கன்ஜி எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் சிதையாமல் படியெடுக்க வேண்டியிருந்தது. தாளின் எழுத்துக்காகச் செதுக்கிய கூர்மை, வண்டின் முதுகுக் குழிகளுக்கும் பொருந்திவிட்டது.

கருவி இவ்வளவு வளர்ந்த இதே காலத்தில்தான் வண்டின் இடம் படத்திலிருந்து முற்றாக மறைந்தது. காரணம் ஒளியின் கணக்கு. உண்மை அளவில் படமெடுக்கும்போது, எஃப் 16 என்ற சிறிய துளையிலும் குவியத்துக்குள் வரும் ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். பொன்வண்டின் கண் தெளிந்தால் முதுகின் பின்பாதி கலங்கும். ஆழம் கூட்டத் துளையைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் போதாது, எனவே ஃபிளாஷ் தவிர்க்க முடியாதது. ஃபிளாஷின் ஒளியோ தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவது. பத்து சென்டிமீட்டரில் இருக்கும் வண்டுக்குப் போதுமான ஒளி, ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் புதரைச் சென்றடையும்போது நூறில் ஒரு பங்காகிவிடும். படத்தில் புதர் கும்மிருட்டு. 1950 முதல் 1980கள் வரை வந்த பூச்சிப் புத்தகங்களைப் புரட்டினால், நண்பகல் வெயிலில் திரியும் வண்டுகளெல்லாம் நள்ளிரவில் நிற்பதுபோல் தெரிவது இதனால்தான். அந்தக் கறுப்புப் பின்னணியை அழகு என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. அது அழகுணர்வால் வந்ததல்ல, ஒளிப் பஞ்சத்தால் வந்தது.

கறுப்புப் பின்னணி சிலவற்றைக் கற்றுக்கொடுக்கவும் செய்தது. இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன், பூச்சி ஒளிக்கற்றையைக் கடக்கும் கணத்தில் தானே இயங்கும் ஷட்டரையும், நொடியின் 25,000ல் ஒரு பங்கு நேரமே ஒளிரும் ஃபிளாஷையும் இணைத்து, 1975ல் ‘போர்ன் ஆன் தி விண்ட்’ நூலில் பறக்கும் பூச்சிகளைக் காட்டினார். பறக்கும் வண்டு கண்ணுக்கு ஒரு கலங்கல்தான். அதிவேகப் படங்களில் அதன் உடலமைப்பு தெளிந்தது. பெரும்பாலான வண்டுகள் ஓடுகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துத் தூக்கிக்கொள்ள, மடிப்பவிழ்ந்த பின்னிறக்கைகள்தாம் காற்றை அடிக்கின்றன. பூவில் மொய்க்கும் சில வண்டுகளோ ஓட்டைத் திறப்பதே இல்லை. ஓரத்தில் உள்ள ஒரு வளைவு வழியே இறக்கையை நீட்டிப் பறந்துவிடுகின்றன. அதே 1975ல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் ஓஎம் 2, ஃபிலிமின்மீது விழும் ஒளியையே அளந்து ஃபிளாஷை நிறுத்தும் ஏற்பாட்டைத் தந்தது. அதுவரை தூரம், பெருக்கம், துளை மூன்றையும் தாளில் கணக்கிட்டுக்கொண்டிருந்த படக்காரருக்கு, வண்டைப் பார்ப்பதற்கு நேரம் கிடைத்தது.

வண்டுக்கே உரிய ஒரு தொல்லை மட்டும் எந்தக் கருவியாலும் எளிதில் தீரவில்லை. அது பளபளப்பு. பொன்வண்டின் பச்சை சாயத்தால் வருவதல்ல. ஓட்டில் அடுக்கடுக்காய் அமைந்த மெல்லிய ஏடுகளில் பட்டு ஒளி திரும்புவதால் வருவது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் மஸ்லின் துணியில் தைத்து ஏற்றுமதியான பொன்வண்டு ஓடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் மங்காமல் மின்னுகின்றன. அமெரிக்க இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கல்சன் 1911ல் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார். நடு அமெரிக்காவின் தங்கநிற வண்டு ஒன்று ஒளியைத் திருகுபோல் சுழலும் வகையில் முனைவாக்கித் திருப்பியனுப்புகிறது. இப்படிப்பட்ட உடலின்மீது நேராக ஃபிளாஷ் அடித்தால் முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், நிறம் போய்விடும். வண்டின் ஓடு ஒரு குவி கண்ணாடி. எதிரே இருக்கும் எல்லாவற்றையும், ஃபிளாஷின் சதுர வடிவத்தைக்கூட, அப்படியே காட்டிக்கொடுக்கும். இதற்காக ஃபிளாஷின் முன் வெண்காகிதம், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குடுவை, துணிக்கூடாரம் என்று படக்காரர்கள் கையால் செய்து வைத்துக்கொள்ளும் மறைப்புகளுக்கு அளவே இல்லை. மேகமூட்டமான வானம்போல் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் பரவி விழும்போதுதான் பொன்வண்டு பொன்வண்டாகத் தெரிகிறது.

வண்டின் இடத்தைப் படத்துக்குள் மீண்டும் அழைத்து வந்ததில் ஜப்பானியர்களின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. அங்கே வண்டு குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி. கோடை விடுமுறையில் காண்டாமிருக வண்டையும் கொம்பு வண்டையும் பிடித்து வளர்க்காத சிறுவர் குறைவு, கடைகளிலும் அவை விற்கும். ஃபாப்ரின் நூலை ஓசுகி சகாயே 1922ல் ஜப்பானிய மொழியில் பெயர்த்தது முதல், பிரான்சைவிட ஜப்பானில்தான் ஃபாப்ருக்கு வாசகர் அதிகம் என்று சொல்லும் அளவுக்கு அவர் அங்கே வேரூன்றினார். அந்த மண்ணிலிருந்து வந்தவர் குரிபயாஷி சதோஷி. 1939ல் பிறந்து நாகசாகி மாவட்டத்தின் ஹிராடோவில் வளர்ந்த அவர், எறும்பின் உயரத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவர்கள் உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கியின் நுண்ணிய லென்சைக் கேமராவோடு இணைத்து, அவர் தாமே கருவிகள் செய்துகொண்டார். அந்த லென்ஸ் மிகச் சிறியது, குவியத் தூரமும் மிகக் குறைவு. எனவே மூக்கருகில் இருக்கும் பூச்சியும் தொலைவில் இருக்கும் மலையும் ஒருசேரத் தெளிந்தன. அறிவியல் படப்பிடிப்புக்கான லென்னார்ட் நில்சன் விருதை 2006ல் அவர் பெற்றார்.

இமாமோரி மிட்சுஹிகோ கருவியைவிட இடத்தையே ஆராய்ந்தார். 1954ல் ஷிகா மாவட்டத்தின் ஓட்சுவில் பிறந்தவர். உலகமெங்கும் பூச்சிகளைத் தேடிச் சென்று, 1991ல் சாணவண்டைப் பற்றியே ‘ஸ்கராபே’ என்ற படநூலை வெளியிட்ட பின்னும், அவருடைய மனம் பீவா ஏரிக்கரையில் தம் ஊரைச் சுற்றியிருந்த கிராமத்துத் தோப்பிலேயே நிலைத்தது. வயலும் குளமும் ஓடையும் விறகுக்காடும் சேர்ந்த அந்த நிலத்தை ஜப்பானியர் சதோயாமா என்பார்கள். அங்கே குனுகி என்ற கருவாலி மரத்தை விறகுக்கும் கரிக்கும் காளான் வளர்ப்புக்கும் பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும். பலமுறை வெட்டுப்பட்ட அடிமரம் முண்டும் முடிச்சுமாகப் பருத்துப் போகும். அதன் காயங்களிலிருந்து கசியும் சாற்றைத் தேடித்தான் கோடை இரவுகளில் காண்டாமிருக வண்டும் கொம்பு வண்டும் மோதிக்கொண்டு வருகின்றன. உழவர் எருவுக்காகக் குவிக்கும் இலைக்குவியலில் அவற்றின் புழுக்கள் வளர்கின்றன. ஆக அந்த வண்டு காட்டின் வண்டு அல்ல, உழவனின் கோடரி வளர்த்த வண்டு. 1960களில் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்தபின் மரங்களை வெட்டுவார் இல்லை, இலையைக் குவிப்பார் இல்லை. இமாமோரி படங்களில் வண்டுக்குப் பின்னால் இந்த மரமும், மரத்துக்குப் பின்னால் வயலும், வயலில் மனிதரும் இருக்கிறார்கள். ஒரு வண்டின் படத்தைப் பார்த்து ஒரு கிராமத்தின் பொருளியலைப் படிக்க முடிகிறது என்றால், அது இவருடைய படங்களில்தான்.

அகலக் கோணத்தில் நெருங்கிப் படமெடுக்கும் இந்த முறை நீண்டகாலம் கருவி செய்யத் தெரிந்த சிலரிடமே இருந்தது. போலந்தில் பிறந்த பூச்சியியலாளர் பியோத்தர் நாஸ்கிரெட்ஸ்கி 2005ல் வெளியிட்ட ‘தி ஸ்மாலர் மெஜாரிட்டி’ அதைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. சீனாவின் வீனஸ் ஆப்டிக்ஸ் நிறுவனம் 2015ல் உண்மை அளவு வரை நெருங்கும் 15 மில்லிமீட்டர் லாவோவா லென்சையும், 2018ல் குழல்போல் நீண்ட 24 மில்லிமீட்டர் லென்சையும் வெளியிட்டபின் அது கடையில் வாங்கும் பொருளாயிற்று.

மற்றொரு திசையில், நுணுக்கத்துக்கான வேட்கையும் உச்சத்தைத் தொட்டது. 1999ல் வந்த கேனன் எம்பி இ 65 லென்ஸ், உண்மை அளவிலிருந்து ஐந்து மடங்கு வரை ஒரே திருகலில் சென்றது. முழுப் பெருக்கத்தில், துளையை அகலத் திறந்து வைத்தால், தெளிவு விழும் ஆழம் 0.05 மில்லிமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் அவ்வளவுதான். துளையைச் சுருக்கினாலோ ஒளி வளைந்து பரவி, படம் முழுவதும் மழுங்கும். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழியை 1960களில் டான் மக்லாக்லன் காட்டியிருந்தார். மெல்லிய தகடுபோன்ற ஒளிக்கற்றையை ஒரே மட்டத்தில் நிறுத்தி, பொருளை மெதுவாக அதன் ஊடே நகர்த்தினால், ஒளிபடும் பகுதி எப்போதும் குவியத்திலேயே இருக்கும். நகர்ந்து முடிந்ததும் முழு உருவமும் ஒரே ஃபிலிமில் தெளிவாகப் பதிந்துவிடும். கணினி வந்ததும் அதே எண்ணம் வேறு வடிவெடுத்தது. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த கீற்றை மட்டும் பிரித்தெடுத்துத் தைப்பது. ஆலன் ஹேட்லி இலவசமாக வழங்கிய கம்பைன்இசட், உக்ரைனின் ஹார்கீவ் நகரில் உருவான ஹெலிகான் ஃபோகஸ், அமெரிக்காவின் ரிக் லிட்டில்ஃபீல்ட் எழுதிய செரீன் ஸ்டாக்கர் ஆகிய மென்பொருள்கள் 2000களில் இதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன.

பிரிட்டிஷ் படக்காரர் லெவன் பிஸ் 2016ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்த ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ கண்காட்சி இந்த முறையின் எல்லையைக் காட்டியது. அருங்காட்சியகத்தின் ஊசி குத்திய மாதிரிகளே அவருக்குப் பொருள். நுண்ணோக்கி லென்சால், உடலை ஏறத்தாழ முப்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒளி அமைத்து, பத்து மைக்ரான் பத்து மைக்ரானாக நகர்த்தி எடுத்தார். ஒரு பூச்சிக்கு 8,000 முதல் 10,000 படங்கள், மூன்று வாரம் வரை உழைப்பு. ஆளைவிடப் பெரிய அச்சுப்படத்தின் முன் நின்றவர்கள், பத்து மில்லிமீட்டர் வண்டின் முதுகில் மலைத்தொடரையும் குழிகளையும் மயிர்க்காட்டையும் பார்த்தார்கள். பின்னணி மட்டும் கறுப்பு. டியூரர் தொடங்கிய வழியின் கடைசி எல்லை இது என்று கருத இடமுண்டு. வண்டைப் பற்றி அந்தப் படம் சொல்லாதது எதுவும் உடலில் மிஞ்சவில்லை. அது எங்கே, எதைத் தின்று வாழ்ந்தது என்பதற்கு மட்டும் இன்னும் அந்தத் துண்டுக் காகிதத்தையே பார்க்க வேண்டும்.

உயிருள்ள வண்டிடம் இந்தப் பொறுமை செல்லாது. அது நகரும். எனவே களத்தில் படங்களை அடுக்க விரும்புகிறவர்கள் விடியலுக்கு முன் புறப்படுகிறார்கள். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. பனித்துளி படிந்த குளிரில் வண்டு இலைமேல் விறைத்து நிற்கும், முதல் வெயில் படும்வரை இருபது முப்பது படங்களுக்கு இடம் தரும். இடத்துக்கு இடம் முறையும் மாறும். மணற்பரப்பில் ஓடும் புலிவண்டை நெருங்க, தொலைவிலிருந்தே பெரிதாக்கும் லென்சோடு வயிற்றால் ஊர்ந்து செல்ல வேண்டும். மடிந்த மரத்தின் பட்டைக்கடியில் வாழும் வண்டுக்குப் பட்டையைத் தூக்க வேண்டும், தூக்கியதை அப்படியே திரும்ப வைக்கவும் வேண்டும். அங்கே புழுக்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் ஈரத்தையும் இருட்டையும் நம்பி வளர்கின்றன. ஒரு படத்துக்காகப் பிளந்த மரம் மீண்டும் ஒட்டாது. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி, பூவில் உட்கார வைத்துப் படமெடுக்கும் வழக்கமும் உண்டு. அதைக் களப்படம் என்று சொல்லி முன்வைப்பது பொய். பல போட்டிகள் இப்போது எடுத்த விதத்தை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்பது சரியான மாற்றம்.

வாலஸின் காகிதத் துண்டுக்கு இணையான ஒன்று இப்போது படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கைபேசியோ கேமராவோ நாளையும் நேரத்தையும், பல வேளைகளில் அட்சரேகை தீர்க்கரேகையையும், படக் கோப்பிலேயே எழுதிவிடுகிறது. 2008ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், இத்தகைய படங்களை உலகெங்கும் திரட்டுகிறது. எல்லா வண்டையும் படத்தால் மட்டும் இனங்காண முடியாது. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் பெயர் சொல்லக்கூடிய இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் எந்த மலையில், எந்த மாதத்தில், எந்தச் செடியில் என்ற கேள்விகளுக்குப் படம் பதில் சொல்கிறது. பின்னணியில் தற்செயலாய் விழுந்த இலைகூடத் தரவு. கறுப்புப் பின்னணியில் தொலைந்தது இதுதான்.

மின்மினியும் வண்டுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் இடத்தைப் படத்தில் முழுமையாக நிறைத்த ஒரு காட்சி தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் பருவமழைக்கு முந்தைய கோடை இரவுகளில் கோடிக்கணக்கில் திரளும் மின்மினிகள், மரத்துக்கு மரம் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. துணையை அழைக்கும் மொழி அது. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் அந்த மொழி கலைந்துபோகும். இங்கே ஃபிளாஷுக்கு இடமில்லை, நெருங்கவும் தேவையில்லை. முக்காலியில் நிறுத்திய கேமராவால் 19 நொடிப் படங்கள் 50 எடுத்து, பதினாறு நிமிடங்களில் ஒளிர்ந்த ஒளியையெல்லாம் ஒரே படமாகச் சேர்த்தார் ஸ்ரீராம் முரளி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2023ல் முதுகெலும்பிலா உயிர்களின் நடத்தைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் ஒரு வண்டின் உடல்கூடத் தெரியவில்லை. அடிமரங்கள், கிளைகள், விண்மீன்கள், அவற்றுக்கிடையே மஞ்சள் புள்ளிகளாகக் காடு முழுவதும்.